36,000 கிலோமீட்டருக்கு ஒரு மின்தூக்கி

ஐயா, இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அறிவியல் புனைகதைப் பக்கமே போகாத எனக்கும் ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகி, உட்லண்ட்ஸ்

ஆர்தர் சி. கிளார்க் எழுதிய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பேரடைஸ்’. 1979இல் வந்த நாவல், எனக்கு இது மூன்றாவது தடவை. முப்பத்தோரு வருடம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் மின்தூக்கி பழுதுபார்த்தவன் நான். பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதை என்றால் விடுவேனா?

நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள் பூமியின் வேகத்துக்கே சுற்றும். கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அங்கிருந்து கயிறு விட வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கயிறுதான் சிக்கல். எங்கள் தொழிலில் ஐந்நூறு மீட்டரை நெருங்கினாலே பெட்டியின் எடையைவிட எஃகுக் கயிற்றின் சொந்த எடை பெரிய தொல்லையாகிவிடும். கிளார்க் வைரத்தில் ஒரு மெல்லிய இழையைக் கற்பனை செய்து அதைத் தாண்டுகிறார். ஆனால் கயிறு கிடைத்த பிறகும் வேலை நகர்வதில்லை. கோபுரம் எழும்ப வேண்டிய மலையுச்சியில் ஒரு புத்த மடம் இருக்கிறது, துறவிகள் இடம் தர மறுக்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி செய்யும் மேம்பாட்டுத் திட்டம் 2001இல் தொடங்கியது. ஒரு புளோக்கில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால்தான் வேலை நடந்தது. ஏற்கெனவே தன் மாடியில் மின்தூக்கி நிற்கிற வீட்டுக்காரர், “எனக்கு எதுக்குப்பா?” என்பார். கிளார்க்கின் துறவிகள் எவ்வளவோ மேல்.

கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். கதையின் மலை, சிவனொளிபாத மலையை வைத்து எழுதியது. நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டுமே என்று தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். சிங்கப்பூரை 140 கிலோமீட்டர் நகர்த்தினால் போதும். மலைக்குத்தான் எங்கே போவது? நம் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான்.

சரி, உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். முதல் புத்தகமாக இது கொஞ்சம் வறட்சி. டெட் சியாங்கின் ‘ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்’ தொகுப்பில் முதல் கதையை மட்டும் படியுங்கள். பேர் ‘டவர் ஆஃப் பாபிலோன்’. இயந்திரம், ரோபோ எதுவும் கிடையாது. வானத்தைத் தொட ஒரு கோபுரம் கட்டுகிறார்கள், மின்தூக்கி இல்லாமல். வண்டியில் ஏற்றிய செங்கல் உச்சிக்குப் போய்ச் சேர நான்கு மாதம். அதனால் வழியிலேயே சிலர் குடும்பம் நடத்துகிறார்கள், மாடத்தில் காய்கறி வளர்க்கிறார்கள். நம் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டி ஞாபகம் வரும். பிடித்தால் அடுத்த கதைக்குப் போங்கள். பிடிக்காவிட்டால் ஒரு கோப்பி குடிக்கிற நேரம்தானே போயிற்று.

தமிழில் சுஜாதாவோடு எல்லாம் முடிந்துவிட்டதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தோ பாயோவில் ஒரு புளோக்கின் உச்சியில், மின்தூக்கி இயந்திர அறையில், பாகம் வரக் காத்திருந்த ஒரு ராத்திரி ‘என் இனிய இயந்திரா’ படித்தேன். கூட வேலை செய்த திருநெல்வேலிக்காரர் கொடுத்தது. அறை அடுப்பு மாதிரி கொதிக்கும். பேருக்கு இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது என்கிற அரசாங்கம், பிள்ளை பெறவும் அனுமதி தேவைப்படும் நாடு, நடுவில் ஜீனோ என்கிற இயந்திர நாய். விடிந்ததே தெரியவில்லை. சுஜாதா 2008 பிப்ரவரி 27ஆம் தேதி காலமானார், கிளார்க் மார்ச் 19ஆம் தேதி. என் அலமாரியின் இரண்டு தட்டுகள் மூன்றே வாரத்தில் அனாதையாயின.

முடிந்துவிடவில்லை. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பைத் தேடுங்கள். சித்த மருத்துவம் போன்ற நம் அறிவு மரபுகளிலிருந்து அறிவியல் கதை செய்கிறார். சுஜாதாவின் துள்ளலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது வேறு நடை, மெதுவாகத்தான் ஏறும்.

மகன் உயர்நிலை மூன்று. நாள் முழுக்கக் கைப்பேசிதான். ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நல்ல நாவல் என்றார்கள், வாங்கிக் கொடுத்தேன். இருபது பக்கத்தில் மூடிவிட்டான்.
– ஒரு தாய், தெம்பனிஸ்

பையன் மேல் தப்பில்லை. 1951இல் புத்தகமாக வந்த அந்தக் கதையில் பாதிக்கு மேல் பெரியவர்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு உயிர். பதினைந்து வயதில் கொடுத்திருந்தால் நானும் மூடியிருப்பேன். நல்ல நாவல் எது என்று ஊரைக் கேட்டீர்களே, அவன் கைப்பேசியில் என்னத்தைப் பார்க்கிறான் என்று அவனைக் கேட்டீர்களா?

எதையாவது கழற்றி மாட்டும் காணொளி என்றால் ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ கொடுங்கள். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கிறான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதாவது ஒன்று பழுதாகும், அவன் சரிசெய்வான். என் வேலை நாள்களும் அப்படித்தான் போயின, உருளைக்கிழங்கு மட்டும் கிடையாது. ஒரு எச்சரிக்கை: முதல் வரியே கெட்ட வார்த்தை. அவனுக்குத் தெரியாத வார்த்தை இல்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் அசிமோவின் ‘ஐ, ரோபோ’வில் முதல் கதையைப் படியுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ரோபோ. பிள்ளை அதனோடு ஒட்டிக்கொள்கிறது, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பணிப்பெண் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கிற கதை.

‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ கடினமா?
– வாசகர், செங்காங்

இயற்பியல் வரும் இடத்தில் கொஞ்சம். அதைத் தாண்டிக் குதித்தாலும் கதை கிடைக்கும். லியூ சிஷினின் இந்த நாவலைக் கென் லியூவின் ஆங்கிலத்தில் நான் படித்தபோது, எதிர்வீட்டுச் சீனர் மூலத்தில் படித்தார். “கலாசாரப் புரட்சியில் தொடங்குகிறதே, அடேயப்பா” என்றேன். “இல்லையே, அது நடுவில்தானே வருகிறது” என்றார். மின்தூக்கி வாசலில் பத்து நிமிடம் வாக்குவாதம். இரண்டும் சரி. சீனப் புத்தகத்தில் அந்தப் பகுதியை நடுவில் தள்ளியிருந்தார்கள், 2014இல் வந்த ஆங்கிலப் பதிப்பு முன்னால் கொண்டுவந்தது.

உங்கள் புத்தகங்களை இரவல் தருவீர்களா?
– வாசகர், பிடோக்

மாட்டேன். நூலகத்துக்குப் போங்கள். 1998இல் கிளமெண்டியில் ஒருவருக்குக் கொடுத்த சுஜாதா இன்னும் திரும்பவில்லை. ஒன்பதாவது மாடி, இடப்பக்கம் இரண்டாவது வீடு. அந்தப் புளோக்கின் மின்தூக்கியை அதற்குப் பிறகு நான்கு தடவை பழுதுபார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்பதாவது மாடியில் நிறுத்திச் சோதித்துவிட்டு இறங்கி வந்தேன். கதவைத் தட்டத்தான் கூச்சம்.