மிஸ்ஸி அக்காகிட்ட கேளுங்க: மருந்துக்கு மசியாத கிருமி

மலேசியா சுங்கை சிப்புட்ல நம்ம தோட்டத்து ஆளுங்க கேட்டு வச்ச கேள்விக்கெல்லாம் இன்னிக்கு ஒரேயடியா பதில் எழுதிடுறேன். 31 வருஷம் வார்டுல மிஸ்ஸியா, அதான் நர்ஸா இருந்தவ நான், டாக்டர் இல்ல, அத ஞாபகத்துல வச்சிக்குங்க.

கேள்வி: அக்கா, அப்பா கால் புண்ணுக்கு அட்மிட் ஆனாரு. மூக்குல பஞ்சு விட்டு எடுத்து டெஸ்ட் பண்ணி எம்ஆர்எஸ்ஏன்னு தனி ரூம்ல போட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்தா பேரப்பிள்ளைய தூக்கலாமா?

பதில்: தூக்கட்டும் தம்பி. எம்ஆர்எஸ்ஏன்னா மெத்திசிலின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஒரு கிருமி. மூக்குலயும் தோல்லயும் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கறது வேற, உள்ள பூந்து காய்ச்சல் சீழுன்னு கெளப்பி விடுறது வேற. தனி ரூம் எதுக்குன்னா பக்கத்து கட்டில்ல ஆபரேஷன் பண்ணி படுத்திருக்கற ஆளுக்குப் போயிடக் கூடாதுன்னுதான். புண்ண மூடி கட்டுங்க, கட்டு மாத்துனா சோப்பு போட்டு கை கழுவுங்க, துண்டும் ரேசரும் அவருக்குத் தனி. இது இன்னிக்கு நேத்து வந்த கிருமி இல்ல, மெத்திசிலின் 1959ல வந்துச்சு, 1961லயே இங்கிலாந்துல அதுக்கு அடங்காதத பார்த்துட்டாங்க.

கேள்வி: பாட்டிக்கு 82, மூணு மாசமா மூத்திர டியூப். கலங்கலா நாத்தமா போவுது, லேப்ல இஎஸ்பிஎல்னு வந்திருக்கு, ஆனா டாக்டர் மருந்தே குடுக்கல. வயசானவங்கன்னு விட்டுட்டாரா?

பதில்: கோவப்படாதம்மா, அவரு சரியாத்தான் பண்ணிருக்காரு. இஎஸ்பிஎல்னா பல ஆன்டிபயாட்டிக்க ஒடைச்சுப் போடற கிருமி. டியூப் ஒரு மாசம் இருந்தாலே அனேகமா எல்லாருக்கும் கிருமி குடியேறிடும். காய்ச்சல் இல்ல வலி இல்லன்னா மருந்து குடுத்து என்ன ஆவும், சாகறது சாகும், முரட்டுக் கிருமி மட்டும் தங்கிப் பெருகும், அப்புறம் நெஜமா வேணுங்கறப்ப ஊசி மருந்துதான், அதுலயும் பாட்டி கிட்னிக்கு ஒத்துக்கறது எத்தனை இருக்குமோ. ஆனா குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேல வலி, திடீர்னு மயங்கி மயங்கி பேசறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காத, உடனே ஆஸ்பத்திரி.

டியூப்புல வர்ற மூத்திரம் வடியுற பை எங்க தொங்குதுன்னு பாத்தியா? ஒரு வீட்டுக்குப் போனேன், பாக்க அசிங்கமா இருக்குன்னு பைய பாட்டி பக்கத்துல தலகாணி மேல வச்சு கைலி போட்டு மூடிருந்தாங்க, பைக்குள்ள இருந்ததெல்லாம் டியூப் வழியா திரும்பி உள்ளயே போவுது! அந்தப் பை எப்பவும் அடிவயித்துக்குள்ள இருக்கற மூத்திரப்பைய விடக் கீழ தொங்கணும், தரையிலயும் படக்கூடாது.

கேள்வி: பையனுக்குக் குடுத்த ஆக்மென்டின் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கு, மாமியாருக்கு சளி, குடுக்கலாமா?

பதில்: கூடாது. சாதாரண சளி வைரஸ், அதுக்கு ஆன்டிபயாட்டிக் கேக்காது. எல்லார் வீட்லயும் ஒரு மைலோ டின் இருக்கும், உள்ள பாதி பாதி மாத்திரை அட்டை! அப்படியே ஃபார்மசில கொண்டு போய் குடுத்திடுங்க.

கேள்வி: கோழிக்குப் போடற மருந்தாலயும் இந்த மசியாத கிருமி வருமா?

பதில்: வரும். அதான் கோலிஸ்டின கால்நடைக்குக் குடுக்கக் கூடாதுன்னு 2019ல நம்ம நாட்டுல தடை போட்டாங்க. கடைசி ஆயுதம் மாதிரி மனுஷனுக்கு வச்சிருக்கற மருந்து அது.

கேள்வி: கைக்கு ஜெல் போட்டா போதுமா?

பதில்: பெரும்பாலும் போதும். ஆனா ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வயித்தால போற ஆள பாத்துக்கறீங்கன்னா சோப்பும் தண்ணியும்தான், சி டிஃப்னு ஒரு கிருமி, அதோட வித்து ஜெல்லுக்குச் சாகாது.

கேள்வி: அக்கா, பாட்டி பைய எறக்கி கட்டிட்டேன், இப்ப பூனை வந்து இழுக்குது.

பதில்: கட்டில் சட்டத்துல கட்டு, டியூப்ப தொடையில டேப் போட்டு ஒட்டு. பூனைய வெளிய விடு லா.