கண்ணாடிச் சிற்பத்துல இனவெறியைப் பத்தி என்ன பேசிட முடியும்?

கண்ணாடின்னா பூச்சாடி, சரவிளக்குன்னு அழகுக்கு வைக்கிற பொருள்தானே, அதுல போய் இனவெறி, அடிமை வரலாறுன்னு பேசுறது வலிஞ்சு ஒட்டவெச்ச மாதிரி இருக்கேன்னு கேட்டிருக்கீங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன், யானி ஸ்கேர்ஸோட வேலையைப் பார்க்குற வரைக்கும்.

அவங்க ஆஸ்திரேலியப் பூர்வகுடி, கோகதா, நுகுனு மக்களைச் சேர்ந்தவங்க, 1973ல தெற்கு ஆஸ்திரேலியாவுல வூமெராங்கிற ஊர்ல பொறந்தவங்க. அதே மாநிலத்துல மேற்கே மரலிங்கான்னு ஒரு இடம் இருக்கு. 1956லயும் 57லயும் பிரிட்டன் அங்க 7 அணுகுண்டை வெடிச்சுப் பார்த்தாங்க, அதுக்கப்புறமும் விடல, 1963 வரைக்கும் சின்னச் சோதனைன்னு பேர் வெச்சு புளுட்டோனியம்ங்கிற கதிர்வீச்சுப் பொருளை அந்த மண்ணுல பரப்பிட்டு இருந்தாங்க. ஆளில்லாத இடம்னு கணக்கு எழுதிக்கிட்டாங்க, ஆனா அது அனங்குங்கிற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையா நடந்து திரிஞ்ச நிலம், அவங்கள்ல நிறைய பேரைக் கிளப்பி தெற்கே யலட்டாவுக்கு அனுப்பிட்டாங்க. அந்த மக்களோட பாதுகாப்பை எவ்வளவு அலட்சியமா பார்த்தாங்கன்னு ராயல் கமிஷன்ங்கிற அரசு விசாரணைக் குழுவோட அறிக்கையா வர்றதுக்கே 1985 ஆயிருச்சு.

இப்போ கண்ணாடிக்கு வர்றேன். மணலை உருக்கினா கண்ணாடின்னு நமக்குத் தெரியும், மரலிங்காவுல குண்டு வெடிச்ச சூட்டுல தரையில இருந்த மணலே உருகி கண்ணாடியா உறைஞ்சு கிடந்துச்சு. அந்த நிலத்தோட கதையைச் சொல்லணும்னு நெனைக்கிற ஒருத்தங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எது இருக்கு சொல்லுங்க! 2015ல ஸ்கேர்ஸ் 'தண்டர் ரெய்னிங் பாய்சன்'னு ஒண்ணு செஞ்சாங்க, விஷத்தை மழையா கொட்டுற இடின்னு அர்த்தம் வரும். 2000க்கும் மேல கண்ணாடிக் கிழங்கு, ஒவ்வொண்ணும் ஊதிச் செஞ்சது, கூரையிலிருந்து கம்பியில தொங்கி ஒரு மேகம் மாதிரி கீழ இறங்குது. கிழங்கு ஏன்னா அது அந்த மக்கள் மண்ணைத் தோண்டி எடுத்துச் சாப்பிடுறது, அந்த மண்ணைத்தான் கெடுத்து வெச்சாங்க.

ஒருநாள் வகுப்புக்குப் போய் நானே ஊதுகுழாயைப் பிடிச்சுப் பார்த்திருக்கேன். உலை கிட்டத்தட்ட 1100 டிகிரி, குழாயைச் சுத்திக்கிட்டே இருக்கணும், ஒரு நொடி விட்டாலும் கண்ணாடி தேன் மாதிரி தொங்கிடும், அரை மணி நேரத்துல தோள்பட்டை கழண்டு போச்சு, கடைசியில கிடைச்சது ஒரு கோணல் உருண்டை. சூட்டடுப்புல வெச்சு மெதுவா ஆற விடாம வெளியில விட்ட ஒரு துண்டு டிக்னு விரிசல் விட்டுச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்த 2000 கிழங்கையும் மறுபடி பார்த்தேன், முன்ன பார்த்த மாதிரி சும்மா பார்க்க முடியல.

அந்த விரிசலைப் பார்த்ததாலதான் கிறிஸ் டேயோட வேலையும் எனக்குப் புரிஞ்சுது. பிரிட்டன்காரர், கலப்பின வம்சாவளி, பல வருஷம் பிளம்பிங், ஹீட்டிங் வேலை பார்த்துட்டு அப்புறம் கண்ணாடிக்கு வந்தவர். தாமிரக் குழாயில கூண்டு மாதிரி கட்டி அதுக்குள்ள கண்ணாடியை ஊதுறார், அடிமை வியாபாரத்துல மனுஷனைச் சரக்கா கட்டி வெச்சதைச் சொல்றதுக்கு. கண்ணாடி கம்பிக்கு நடுவுல பிதுங்கி வெளிய வந்து நிக்கும். ஆறும்போது தாமிரம் கண்ணாடியைவிட அதிகமா சுருங்கும், அதனால அந்த இறுக்கம் வெறும் தோற்றம் இல்ல, பொருளுக்குள்ளயே இருக்கு.

சரவிளக்குன்னு சொன்னீங்கல்ல, அங்கயும் ஒரு கதை இருக்கு. அமெரிக்கக் கலைஞர் ஃப்ரெட் வில்சன் 1992ல பால்டிமோர்ல ஒரு வரலாற்று அருங்காட்சியகத்தோட சேமிப்பையே எடுத்து மாத்தி அடுக்கினார், பளபளன்னு இருந்த வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவுல அடிமைகளுக்குப் போட்ட விலங்கை வெச்சார், ரெண்டும் அதே கட்டடத்துல இருந்ததுதான். அப்புறம் 2003ல வெனிஸ் பினாலேங்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்குப் போனவர், கண்ணாடி வேலைக்குப் பேர்போன வெனிஸ் பக்கத்துத் தீவான முரானோவோட சரவிளக்கை முழுக்கக் கறுப்புக் கண்ணாடியில செய்ய வெச்சார். பேர் 'ஷாண்டலியர் மோரி', இத்தாலியன்ல மோரின்னா மூர்கள், அதாவது அந்தக் காலத்துல கறுப்பின மக்களைக் குறிச்ச வார்த்தை. பழைய வெனிஸ் ஓவியங்கள்ல ஓரத்துல ஆப்பிரிக்கர்கள் நிப்பாங்க, பேர் இருக்காது. அதே வெனிஸ்ல செஞ்ச கண்ணாடிப் பாசிமணிகள் கப்பல் கப்பலா மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போச்சு, தங்கம், தந்தத்தோட மனுஷங்களையும் அதைக் கொடுத்து வாங்கினாங்க. அப்போ கண்ணாடி இந்த வரலாறு நடக்கும்போதே அதுக்குள்ள இருந்த பொருள், நாம இப்போ கொண்டுவந்து ஒட்டவைக்கல.

அந்தப் பாசிமணியையே ஊசியில கோத்து அடிமைமுறை, இனவெறிக் கொலைன்னு உருவம் உருவமா தைக்கிறவங்க பால்டிமோரைச் சேர்ந்த ஜாய்ஸ் ஸ்காட், 2016ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப்ங்கிற அமெரிக்காவோட பெரிய விருதை வாங்கினவங்க. தூரத்துலருந்து நகை மாதிரி மினுக்கும், கிட்டப் போனாத்தான் என்னன்னு தெரியும்.

எல்லாமே இந்தத் தரத்துல இருக்குன்னு சொல்ல மாட்டேன். கறுப்பு நிறத்தை ஊத்தி ஒரு கனமான தலைப்பு வெச்சுட்டு முடிச்சுக்கிற வேலைகளும் பார்த்திருக்கேன், அதுங்க எனக்கு ஒட்டல.

முதல்ல ஒண்ணு பார்க்கணும்னா ஸ்கேர்ஸோட அந்த மேகத்தைப் பாருங்க, இப்போ கான்பெராவுல ஆஸ்திரேலிய தேசிய கேலரியோட சேமிப்புல இருக்கு. போட்டோவுல பார்த்தா முழுசா ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடாதீங்க, ஜூம் பண்ணி ஒரே ஒரு கிழங்கைப் பாருங்க, அப்புறம் பக்கத்துல இருக்கிறதை.