யாழ்ப்பாணப் பொது நூலகம்: இன்று நிற்பது 1959இல் திறந்த அதே கட்டடமா?

படத்தில் பார்த்தால் நேற்றுக் கட்டியதுபோல வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, எரிந்த கட்டடத்தை இடித்துவிட்டு வேறு கட்டினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, அதே இடம், அதே வடிவம், பெரும்பாலும் அதே எலும்புக்கூடு. 1981இல் தீ உள்ளே இருந்ததையெல்லாம் தின்றுவிட்டது. ஆனால் கருகிய வெளிச்சுவர்கள் விழாமல் நின்றன. பின்னாளில் அவற்றைச் செப்பனிட்டு, பழைய தோற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். இந்த நூலகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தீயில் தொடங்கித் தீயிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடம் எப்படி எழுந்தது என்று தெரிந்தால்தான் எரிந்தது என்னவென்று முழுதாகப் புரியும். எனவே முன்னாலிருந்து வருகிறேன்.

1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்த புத்தகங்களை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர், பெரிய பணக்காரர் அல்லர். யாழ்ப்பாணத்துக்கு ஓர் இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ஊராருக்கு அச்சில் வேண்டுகோள் விடுத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஒரு கூட்டம் கூடியது. ஐசாக் தம்பையா தலைவராகவும் செல்லப்பா செயலாளராகவும் ஒரு குழு அமைந்தது. 1934 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் நூலகம் திறக்கப்பட்டது. சில நூறு புத்தகங்கள், சில பத்திரிகைகள், உட்கார்ந்து படிக்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். 1935இல் நகரசபை அதைப் பொறுப்பேற்றது. அதன்பின் இடம் மாறிக்கொண்டே இருந்தது. புத்தகங்கள் பெருகின, அவற்றை வைக்க இடம்தான் இல்லை.

யாழ்ப்பாணம் மாநகர சபையானது 1949இல். அதற்குப் பிறகுதான் சொந்தக் கட்டடம் என்ற பேச்சு சூடுபிடித்தது. மாநகர முதல்வர் சாம் சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளாரும் இதில் முன்னின்றார்கள். பணம் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. கார்னிவல் நடத்தினார்கள், லொத்தர் (லாட்டரி) சீட்டு விற்றார்கள், இசை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் போட்டார்கள். ராட்டினம் சுற்றவும் கச்சேரி கேட்கவும் வந்தவர்களின் சில்லறைகூட அந்தச் சுவர்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் அதை "எங்கள் நூலகம்" என்று சொல்லும்போது குரலில் ஓர் உரிமை தொனிக்கும். அதற்குக் காரணம் இதுதான்.

திட்டமிடலிலும் யாரும் அரைகுறையாக நிற்கவில்லை. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். அரங்கநாதனிடம் ஆலோசனை பெற்றார்கள். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். திராவிடக் கட்டடக்கலையின் சாயலில் குவிமாடம், முகப்பில் வீணையோடு அமர்ந்த சரஸ்வதி சிலை. ஒரு கத்தோலிக்கக் குரு ஓடியோடிப் பணம் சேர்த்த கட்டடத்தின் வாசலில் கலைமகள் இருப்பதை நான் எப்போதும் நின்று பார்ப்பேன். 1954 மார்ச் 29 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1959 அக்டோபர் 11 அன்று, அப்போதைய மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். 1967இல் சிறுவர் பகுதியும் 1971இல் கேட்போர் கூடமும் சேர்ந்தன.

1981 மே மாத இறுதியில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. மே 31 அன்று ஒரு தேர்தல் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் நகரில் வெறியாட்டம் ஆடினார்கள். கடைகள், ஈழநாடு பத்திரிகை அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடு எல்லாம் கொளுத்தப்பட்டன. நூலகமும் அப்போதுதான் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்த நெருப்பைப் பார்த்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிரிழந்தார்.

இங்கே ஒன்றைத் திருத்தியாக வேண்டும். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றைச் சொல்லும் 'யாழ்ப்பாண வைபவமாலை' அன்றோடு உலகிலிருந்தே அழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த நூல் இன்றும் கிடைக்கிறது. 1879லேயே அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சாகிவிட்டது, தமிழிலும் பதிப்புகள் உண்டு. இந்தத் தவறான செய்தி உண்மையான இழப்பை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். ஓலைச்சுவடிகள், பழைய செய்தித்தாள் கட்டுகள், உள்ளூர் அச்சகங்களில் சில நூறு படிகள் மட்டும் அடித்த சிறு பிரசுரங்கள் ஆகியவை வேறெங்கும் பிரதி இல்லாமல் போயின. அவற்றில் பலவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

எரிந்த மறு ஆண்டே மக்கள் மறுபடி நூல்களும் பணமும் சேர்த்தார்கள். 1984இல் ஒரு பகுதி இயங்கத் தொடங்கியது. ஆனால் இராணுவ முகாமாக இருந்த கோட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. போர் முற்றியபோது கட்டடம் நேரே சூட்டு எல்லைக்குள் அகப்பட்டு, மீண்டும் சிதைந்து, ஆண்டுக்கணக்கில் பாழாய்க் கிடந்தது.

1998இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் அரசு 'புத்தகமும் செங்கல்லும்' என்ற இயக்கத்தோடு சீரமைப்பைத் தொடங்கியது. அப்போது யாழ்ப்பாணத்திலேயே கடுமையான வாதம் எழுந்தது. சிதைவை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிட்டு அருகில் புதிதாகக் கட்டலாம் என்றார்கள் ஒரு சாரார். எரித்ததன் தடயத்தை வெள்ளையடித்து மறைக்கும் முயற்சி என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. வேலை முடிந்த பிறகும் 2003 பெப்ரவரியில் நடக்கவிருந்த திறப்பு விழா எதிர்ப்பால் நின்றுபோனது. பிறகுதான் வாசகர்கள் உள்ளே வந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், சீரமைத்தது சரி. பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், அதற்காகக் கட்டிய இடம் அது. ஆனால் ஓர் அறையையாவது, கருகிய ஒரு சுவரையாவது கண்ணாடிக்குப் பின்னால் விட்டுவைத்திருக்க வேண்டும். நீங்கள் படத்தைப் பார்த்து "புதிதாக இருக்கிறதே" என்று கேட்கிறீர்கள். சிதைவை விட்டுவைக்கச் சொன்னவர்கள் அஞ்சியதும் இதைத்தான்.

நேரில் போனால் 1980களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டு முகப்பின் எதிரே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஈழத்து அச்சுகளைத் தேடுகிறீர்கள் என்றால், 2005 முதல் 'நூலகம் நிறுவனம்' என்ற தனி அமைப்பு அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்துவருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் கோயில் மலரோ பாடசாலை ஆண்டு மலரோ இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகமோ கிடந்தால், எடைக்குப் போடும் முன் அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.