மூன்று கப் மாவுக்கு எந்த பிரெட் டின்?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிள்ளைகளுக்கு சாண்ட்விச் பிரெட் செய்ய 9 × 5 இன்ச் டின் வாங்கினேன். வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) இருக்கிறது. 3 கப் மாவில் செய்தால் பிரெட் டின்னின் விளிம்பைத் தாண்டி எழும்புவதே இல்லை, தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. ஈஸ்ட்டை மாற்றினேன், பிரெட் நன்றாக எழும்பச் சேர்க்கும் இம்ப்ரூவர் பவுடர் போட்டேன், பயனில்லை. கோதுமை மாவில் செய்தால் செங்கல்தான். கடைக்காரர் மூடி போட்ட 13 இன்ச் டின் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். உங்கள் ஈஸ்ட்டில் குற்றமில்லை, பிசைவதிலும் குற்றமிருப்பதாகத் தெரியவில்லை. டின் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். 13 இன்ச் டின்னுக்குப் போனால் அதே 3 கப் மாவு இன்னும் தட்டையாகப் படுக்கும்.

பிரெட் மாவு தானாக நிமிர்ந்து நிற்காது. பக்கச் சுவர்கள் நெருக்கிப் பிடித்தால்தான் மேலே போகும். இடம் இருந்தால் பக்கவாட்டில் பரவிவிடும். 9 × 5 டின் (உயரம் 2¾ இன்ச்) சுமார் 1.9 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 8½ × 4½ டின் (உயரம் 2½ இன்ச்) சுமார் 1.4 லிட்டர்தான். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை இன்ச் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கொள்ளளவில் கால் பங்கு குறைந்துவிடுகிறது. 3 கப் மைதாவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது டின்.

அதனால் நீள அகலத்தை மறந்துவிட்டு, டின் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பாருங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அதை அளவு ஜாடியில் கொட்டி அளந்தால் போதும். மூலை மடித்த தகர டின் ஒழுகும். அதில் அரிசியைத் தலைதட்டி நிரப்பி, அந்த அரிசியை ஜாடியில் அளந்துகொள்ளுங்கள். திறந்த டின்னில் மைதா பிரெட் செய்யும்போது, பிசைந்த மாவின் எடை அந்த மில்லி கணக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, நூற்றுக்கு 45 என்ற அளவில் இருக்க வேண்டும். 1400 மில்லி டின் என்றால் சுமார் 630 கிராம். 3 கப் மைதாவில் தண்ணீர், வெண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த எடைதான் வரும். கடையில் 400 கிராம் என்று விற்கிற பாக்கெட் அளவு போதுமென்றால், வேகும்போது ஈரம் போய் எடை குறையும் என்பதால் பிசைந்த மாவு 450 கிராம் இருக்கட்டும். அதாவது 2 கப் மைதா, 1 லிட்டர் டின். 8 × 4 இன்ச் டின் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்கும்.

அளக்காமல் வாங்கினால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் சாமான் கடைகளில் "அரை கிலோ டின்", "ஒரு கிலோ டின்" என்பார்கள். அது கிரீம் கேக் கணக்கு. நடுவில் பூசுவது, மேலே பூசுவது எல்லாம் சேர்த்த எடை. பிரெட்டுக்கு அந்தப் பேச்சால் ஒரு பயனும் இல்லை. "1 பவுண்டு", "2 பவுண்டு" என்று அச்சிட்ட டின்களும் வருகின்றன. பிரிட்டனில் ரொட்டியின் எடையை வைத்து வந்த வழக்கம் அது. இன்று ஒரு கம்பெனியின் 2 பவுண்டு டின்னும் இன்னொரு கம்பெனியின் 2 பவுண்டு டின்னும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆன்லைனிலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பு, கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்து நீளம் போடுகிறார்கள். 9 இன்ச் என்று வந்ததை உள்பக்கம் அளந்தால் 8 இன்ச் இருக்கும். அடி குறுகி வாய் விரிந்த டின் என்றால் இன்னும் குழப்பம். உள் அளவு போடாத டின்னை வாங்கவே வாங்காதீர்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது ஒருநாள் பேக்கிங் வகுப்புகளை வைத்து நடக்கும் வியாபாரத்தில்தான். வகுப்பு முடிந்ததும் டின், இம்ப்ரூவர், குளூட்டன் (கோதுமைப் புரதம்) பவுடர் எல்லாம் சேர்த்து ஒரு "கிட்" தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டின் அந்த வகுப்பில் கொடுத்த செய்முறைக்கே பொருந்தாது. பிரெட் எழும்பவில்லை என்று திரும்பிப் போனால், டின்னை அளந்து பார்க்காமல் இன்னொரு பவுடரை நீட்டுவார்கள். உங்களுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள், அளவு முக்கியமான பொருளாக இருந்தால் அதன் பரிமாணத்தைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. நடப்பில் பார்த்தால் "ஸ்மால், மீடியம், லார்ஜ்" என்று ஒரு ஸ்டிக்கர். அதைப் பார்த்து ஏன் என்று கேட்கிற அதிகாரியைக் காணோம். தராசில் 10 கிராம் குறைந்தால் சண்டை போடுகிற நாமும் இதைக் கேட்பதில்லை. சொன்ன அளவும் வந்த அளவும் வேறாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

சரி, கோதுமைக்கு வருவோம். இங்கேதான் மைதா கணக்கு உதைக்கும். நம் சப்பாத்தி மாவு கல் இயந்திரத்தில் அழுத்தி அரைபடுவது. அதில் மாவுச்சத்து நிறைய உடைந்திருப்பதால் தண்ணீரை அதிகம் குடிக்கும். தவிட்டுத் துகள் வேறு, மாவு இழுபடும்போது அதன் இழைகளை அறுத்துவிடும். ஆகவே எவ்வளவு நன்றாகப் பிசைந்தாலும் மைதா அளவுக்கு எழும்பாது. எழும்பாத மாவுக்குச் சிறிய டின் வேண்டும், அல்லது அதே டின்னுக்கு அதிக மாவு வேண்டும். முழுக் கோதுமை என்றால் பிசைந்த மாவின் எடை டின் பிடிக்கும் மில்லியில் பாதிக்குச் சற்று மேலே போகட்டும்: 1400 மில்லி டின்னுக்கு 730 முதல் 750 கிராம் வரை. பாதி கோதுமை பாதி மைதா என்றால் சுமார் 680. தண்ணீரைக் கூட்டி, முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள், அப்புறம் மற்றதைச் சேர்த்துப் பிசையுங்கள். மில்லில் நீங்களே கொடுத்து அரைத்த மாவு என்றால் சலித்து, கரடுமுரடான தவிட்டை எடுத்துவிடுங்கள். அதைத் தனியே ஊறவைத்துப் பிறகு சேர்த்தாலும் சரி. மைதா பிரெட் டின் விளிம்புக்கு மேல் 1 இன்ச் எழும்பிய பிறகு அடுப்பில் வைக்கலாம். கோதுமைக்கு அவ்வளவு காத்திருக்கக் கூடாது. நடுப்பகுதி விளிம்பைத் தாண்டி அரை இன்ச் வந்ததும் வைத்துவிடுங்கள். இன்னும் எழும்பட்டும் என்று விட்டால் சூட்டில் அமுங்கிவிடும். குளூட்டன் பவுடர் போட்டால் சற்று உயரம் வரும்தான். ஆனால் சரியான டின்னில் செய்து பார்க்காமல் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூடி டின் சதுரத் துண்டு தரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உண்மை. அதற்குக் கணக்கு வேறு. மூடிக்குக் கீழேயே முழுக்க எழும்ப வேண்டும் என்பதால், பிசைந்த மாவின் எடை கொள்ளளவில் கால் பங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும். 13 × 4 × 4 இன்ச் டின் சுமார் 3.4 லிட்டர் பிடிக்கும். அதற்கு 900 கிராம் பிசைந்த மாவு தேவை. உங்கள் 3 கப் மூடியைத் தொடக்கூடத் தொடாது. மூடி டின்தான் வேண்டுமென்றால் 9 × 4 × 4 அளவில் கேளுங்கள், 3 கப்புக்கு அது சரியாக வரும். எதை வாங்கினாலும் முதலில் ஓடிஜியின் உள்பக்கத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். லிட்டர் கணக்கை வைத்து டின் உள்ளே போகுமா என்று சொல்ல முடியாது. டின்னைச் சுற்றிக் காற்று போக ஒரு இன்ச்சாவது வேண்டும், எழும்பிய பிரெட்டுக்கும் மேல் கம்பிக்கும் நடுவே 2 இன்ச் வேண்டும். தட்டைக் கீழ் வரிசையில் மாட்டுங்கள்.

கையில் இருக்கிற 9 × 5 டின்னைத் தூக்கிப் போட வேண்டாம். 4 கப், அதாவது 500 கிராம் மைதாவுக்கு அது பொருத்தமான டின். மற்ற பொருள்களையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வரும் பிரெட்டில் பாதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்து நேரே தோசைக்கல்லில் சூடாக்கிக்கொள்ளலாம்.