பழுதுபார்ப்பா, டோட்டல் லாஸா? வாகனக் காப்பீடு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கார் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. பம்பர் டு பம்பர் பாலிசி (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காதது). ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு, 6,20,000 ரூபாய். நான்குவழிச் சாலையில் லாரியின் பின்பக்கம் மோதியதில் முன்பக்கம் நொறுங்கி, ஏர்பேக் இரண்டும் வெடித்துவிட்டன. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 5,10,000. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் 3,95,000 மட்டும் அனுமதித்து, “ரிப்பேர் செய்துகொள்ளுங்கள்” என்கிறார். இந்த வண்டியில் மறுபடி ஏறவே வீட்டில் எல்லோருக்கும் பயம். டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேருக்குப் பதில் வண்டியின் முழு மதிப்பு, கேட்க முடியுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பயத்தைக் காரணமாக எழுதிக் கேட்டால் ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். கணக்கை வைத்துக் கேளுங்கள். வண்டியை மீட்டு வரும் செலவும் பழுதுபார்க்கும் செலவும் சேர்ந்து ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு என்று உங்கள் பாலிசியிலேயே இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கோடு 4,65,000 ரூபாய். சர்வேயரின் தொகை அதற்கு 70,000 கீழே நிற்கிறது. அந்த 70,000 எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் வரி வரியாக ஒப்பிட்டோம். 1,15,000 வித்தியாசம் நான்கு இடங்களில் வருகிறது. மோதலில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சீட்பெல்ட் பிரிடென்ஷனர் இரண்டும் ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டும் 46,000. இவற்றை அடியோடு நீக்கியிருக்கிறார். வலது ஏப்ரனும் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள உள் தகடு) ஏ பில்லரும் (முன்கண்ணாடியின் பக்கத் தூண்) மாற்ற 55,000 என்று ஒர்க்‌ஷாப் போட்டதை, டிங்கரிங் செய்தால் போதும் என்று 20,000 ஆக்கியிருக்கிறார். டாஷ்போர்டு 24,000 போய்விட்டது. லேபரில் 10,000 குறைப்பு.

நான்குக்கும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். முதல் இரண்டை மட்டும் பிடியுங்கள். 46,000-மும் 35,000-மும் திரும்ப ஏறினால் தொகை 4,76,000. கோட்டைத் தாண்டிவிடும். லேபர் ரேட் பேரம் பேசக்கூடிய விஷயம். அதில் இறங்கினால் பேச்சு திசைமாறும்.

முதல் இரண்டும் பேரத்துக்கு உரியவை அல்ல. ஏர்பேக் வெடித்த மோதலில் பிரிடென்ஷனரும் வெடித்திருந்தால் அது ஒருமுறைதான் வேலை செய்யும். பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் அடுத்த விபத்தில் இழுத்துப் பிடிக்காது. மோதலைப் பதிவுசெய்துவிட்ட கண்ட்ரோல் யூனிட்டையும் மாற்றத்தான் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் பொதுவாகச் சொல்கிறது. டீலர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு, பழுதுக் குறியீடுகளைப் பிரிண்ட் எடுத்து, “மாற்றியே ஆகவேண்டும்” என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

ஏ பில்லர் விஷயம் இன்னும் முக்கியம். இப்போதைய கார்களில் பில்லர்கள் உயர் வலிமை எஃகு. அதைச் சூடுகாட்டி நிமிர்த்தினால் வலிமை போய்விடும். மேலே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த பிறகு வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. எனவே சேஸிஸ் பெஞ்சில் ஏற்றி அளவெடுக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று அறிக்கை வரும். அந்த ஒரு தாள் பத்து வாதங்களுக்குச் சமம். இன்னொன்று: பம்பர், ரேடியேட்டர், ஃபெண்டரைக் கழற்றாமல் போட்ட எஸ்டிமேட் அரைகுறைதான். கழற்றிய பிறகு சேஸிஸ் லெக் (முன்பக்க அடிச்சட்டம்) மடங்கியிருப்பது தெரிந்தால் கூடுதல் எஸ்டிமேட் போட்டு, அதே சர்வேயரை மறுபடி வரவழைத்துக் காட்டவேண்டும்.

ரிப்பேருக்கு ஒப்புதல் தரும் எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்து வேண்டாம். வேலை தொடங்கினால் ஆதாரம் அழிந்துவிடும். சர்வே ரிப்போர்ட்டின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள், கேட்டால் தரவேண்டும். அதே மின்னஞ்சலில் உங்கள் ஆட்சேபத்தையும் மறு ஆய்வுக் கோரிக்கையையும் எழுதிவிடுங்கள். நிற்கும் நாட்களுக்கு ஒர்க்‌ஷாப் பார்க்கிங் கட்டணம் போடக்கூடும். அதனால் தாமதம் யாரால் என்பது தேதியோடு எழுத்தில் இருக்கட்டும்.

நிறுவனம் அசையவில்லை என்றால், உரிமம் பெற்ற வேறொரு சர்வேயரை உங்கள் செலவில் அமர்த்தித் தனி அறிக்கை வாங்கலாம். சர்வேயர் சொன்னதுதான் கடைசி வார்த்தை என்பது சட்டம் அல்ல. 2009-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் – பிரதீப் குமார் வழக்கில், சர்வே ரிப்போர்ட் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தாது, பாலிசிதாரரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: என் எஸ்டிமேட் ஐடிவியில் 80 சதவீதம் வருகிறது. இருந்தும் டோட்டல் லாஸ் இல்லை என்கிறார்கள். என்னுடையது சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. எப்படி? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த 75 சதவீத விதியில் “பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு” என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதைக் காட்டி, நிறுவனங்கள் பெரும்பாலும் தேய்மானம் கழித்த பிறகு வரும் தொகையைத்தான் 75 சதவீதத்தோடு ஒப்பிடுகின்றன. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதி கழிப்பார்கள். ஃபைபருக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: 2 முதல் 3 வருடம் வரை 15, 3 முதல் 4 வரை 25, 4 முதல் 5 வரை 35 சதவீதம். பெயிண்ட் மெட்டீரியலில் பாதி. ஏர்பேக்கும் பம்பரும் நிறையப் போன வண்டியில் 80 சதவீத எஸ்டிமேட் கழிவுக்குப் பிறகு 60-க்கு இறங்குவது சாதாரணம். கழிவு விகிதங்களைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா, இரும்புப் பாகத்தை பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று சரிபாருங்கள். இந்தத் தவறு நிறைய நடக்கிறது. பெயிண்டிங்கை ஒரே தொகையாகப் போட்டிருந்தால் அதில் 25 சதவீதம்தான் மெட்டீரியல் என்று கொண்டு, அந்தப் பகுதியில் மட்டுமே பாதி கழிக்கவேண்டும். மொத்தப் பெயிண்டிங் பில்லில் பாதியைக் கழித்திருந்தால் ஆட்சேபியுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் டாஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய காரை “கழுவி உலர்த்தினால் போதும்” என்கிறது நிறுவனம். (வாசகர், வேளச்சேரி)

பதில்: போதாது. கதவு டிரிம்மில் தண்ணீர் நின்ற கோட்டை, ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் பெரும்பாலான கார்களில் நடுவே, கியர் கன்சோலுக்கு அடியில் இருக்கிறது. தரை ஒயரிங் கார்பெட்டுக்குக் கீழே ஓடுகிறது. டாஷ்போர்டு வரை தண்ணீர் என்றால் இரண்டும் முங்கியவை. கனெக்டருக்குள் பச்சை பூப்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கோப்பை மூடிவிடுவார்கள். “சுத்தம் செய்ய” என்று இருக்கும் ஒவ்வொரு மின்பாகத்துக்கும் எதிரே “மாற்ற” என்று டீலரிடம் விலையோடு எழுதி வாங்குங்கள். அதன்பின் 75 சதவீதக் கணக்கே மாறிவிடும்.

சாவியை மட்டும் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, பின்விளைவு என்று சொல்லி மறுப்பார்கள். எஞ்சின் புரொடெக்ட் கவர் இல்லாதவர்களுக்கு அந்த எஞ்சின் செலவு கிளைமிலும் சேராது, 75 சதவீதக் கணக்கிலும் சேராது.

கேள்வி: நிறுவனம் மறுத்துவிட்டது. ஆம்புட்ஸ்மனா, நுகர்வோர் ஆணையமா? (வாசகர், சேலம்)

பதில்: முதலில் ஆம்புட்ஸ்மன், அதாவது காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் நடுவர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை இழப்பீடு தர அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. முன்னதாக நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதியிருக்கவேண்டும். மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே இல்லை என்றாலோ போகலாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் அதன்பிறகும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே கெடு இரண்டு வருடம். முதலிலேயே ஆணையத்தில் வழக்கு போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மன் மனுவை எடுக்கமாட்டார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்தால் நிறுவனம் பதில் சொல்லியாகவேண்டும். ஆனால் தொகையைத் தீர்மானிக்கும் இடம் அது அல்ல.

கேள்வி: டோட்டல் லாஸுக்கு ஒப்புக்கொண்டார்கள். கையில் என்ன வரும்? (வாசகி, ஈரோடு)

பதில்: ஐடிவியில் கட்டாயக் கழிவு (கிளைமில் நீங்களே ஏற்கவேண்டிய தொகை) போக மீதி. 1500 சிசி வரை அது 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கடன் இருந்தால் வங்கிக்குப் போனதுபோக மிச்சம்தான் உங்களுக்கு. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கவர் எடுத்திருந்தால் மட்டுமே இன்வாய்ஸ் விலையை ஒட்டிய தொகை கிடைக்கும். உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் சால்வேஜ் விலையை, அதாவது உடைந்த நிலையில் அது விற்கும் விலையைக் கழிப்பார்கள். அந்த விலை எந்த ஏலத்தில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வண்டியைச் சால்வேஜ் வாங்குபவர் எடுத்துப் போகும்போது உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆம் படிவங்களில் வெற்றுக் கையெழுத்துக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஓட்டத் தகுதியற்றுப் போன வண்டியை 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு. ஆர்சி ரத்தான சான்று கைக்கு வரும்வரை அந்த வண்டியால் நடக்கும் எதற்கும் ஆவணப்படி உரிமையாளர் நீங்கள்தான். ஃபாஸ்டேக்கையும் கழற்றி, கணக்கை மூடிவிடுங்கள்.