டேட்டா போகாமல் கஸ்டம் ரோம் அப்டேட்: தடைக்காலக் கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில்தான் எங்கள் பக்கம் போன்களுக்கும் ஓய்வு கிடைக்கிறது. வருஷம் முழுக்க உப்புக்காற்றிலும் இன்ஜின் சூட்டிலும் கிடந்த போனை எடுத்துத் துடைத்து, "இதுக்குப் புது சாஃப்ட்வேர் ஏத்தலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். தங்கச்சிமடத்தில் 12 வருடமாக போன் சர்வீஸ் செய்கிறேன். கம்பெனி அப்டேட் நின்றுபோன பழைய போன்களுக்கு லீனேஜ்ஓஎஸ் மாதிரி கஸ்டம் ரோம், அதாவது போன் கம்பெனி அல்லாத வெளியார் செய்த ஆண்ட்ராய்டு, போட்டுக் கொடுப்பது என் வேலையில் பாதி. போட்டதோடு முடிவதில்லை, பிறகு வரும் அப்டேட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கரையோர ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாம்பன், விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன்: தம்பி, லீனேஜ் போட்ட ரெட்மி. அப்டேட் வந்திருக்குன்னு ஒரு வருஷமா காட்டிக்கிட்டே இருக்கு. தொட்டா ஜிபிஎஸ் பாயிண்ட் எல்லாம் போயிருமோன்னு பயந்து தொடாம வச்சிருக்கேன்.

தொடலாம் அண்ணே. ஆண்ட்ராய்டு சிஸ்டம் ஒரு பகுதியில் இருக்கிறது, உங்கள் ஆப், படம், பாயிண்ட் எல்லாம் 'டேட்டா' என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. அதே ரோமின் அடுத்த பில்டை, அதாவது புதுசாகச் செய்து வெளியிட்ட ஃபைலை, ஏற்றும்போது சிஸ்டம் பகுதி மட்டும்தான் மாறும். அமைப்புகள், சிஸ்டம், அப்டேட்டர் என்று போய், அங்கே காட்டும் பில்டை இறக்கி இன்ஸ்டால் கொடுங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து 'ஏ/பி' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது உள்ள போனில் சிஸ்டம் இரண்டு தடவை வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மற்றதில் அப்டேட் ஏறும். புதியது எழும்பவில்லை என்றால் போன் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும். எல்லா போனிலும் இது இல்லை. பல பட்ஜெட் மாடல்களில் ஒரே சிஸ்டம்தான், அவை ரெக்கவரிக்குள் (ரோம் ஏற்றவும் அழிக்கவும் போனில் இருக்கும் தனி மெனு) போய்த்தான் அப்டேட்டை ஏற்றிக்கொள்ளும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பாயிண்டை வெளியே எடுக்காமல் கை வைக்காதீர்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) மீன் கிடக்கும், எந்த இடத்தில் வலை மாட்டிக் கிழியும் என்று வருஷக்கணக்காகக் கடலில் அலைந்து சேர்த்தது அது. நீங்கள் வைத்திருக்கும் ஆப்பில் எக்ஸ்போர்ட் என்று இருந்தால் எல்லாப் பாயிண்டையும் ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுங்கள். அதை வீட்டில் இன்னொருவர் போனுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ரொம்பச் சின்ன ஃபைல்தான். பிறகு அந்த போனில் திறந்து, நாலு பாயிண்டின் எண்களை ஒத்துப் பாருங்கள். அனுப்பினால் மட்டும் போதாது, திறந்து பார்த்தால்தான் அது காப்பி.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019-ல் என் சித்தப்பா போனுக்கு நான்தான் ரோம் மாற்றினேன். டிடபிள்யூஆர்பி என்ற கஸ்டம் ரெக்கவரியில் 'வைப்' பகுதிக்குள் இரண்டு வழி உண்டு. கீழே இருக்கும் பட்டையை இழுத்துக் கொடுக்கிற ஃபேக்டரி ரீசெட் ஆப்களையும் செட்டிங்கையும் மட்டும் அழிக்கும். பக்கத்தில் இருக்கும் 'ஃபார்மேட் டேட்டா' உள் சேமிப்பையும் சேர்த்து அழிக்கும். அதற்கு முன் 'யெஸ்' என்று நம் கையால் டைப் செய்யச் சொல்லும். ஒரு நாளைக்குப் பத்து போன் பார்த்த அவசரத்தில் நான் அந்த மூன்று எழுத்தையும் டைப் செய்தேன், சித்தப்பாவின் பாயிண்ட் எல்லாம் போயின. சித்தப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் பயணத்துக்கு, ஒரு நாப்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார். அந்த நோட்டு இன்றைக்கும் என் கடை மேசையில் இருக்கிறது. அன்றிலிருந்து, காப்பி கையில் வராத எந்த போனுக்கும் நான் கேபிள் சொருகுவதில்லை.

தேவிபட்டினம், கல்லூரி மாணவர்: அண்ணா, டர்ட்டி ஃபிளாஷ் எப்ப பண்ணலாம், கிளீன் ஃபிளாஷ் எப்ப பண்ணணும்? டிடபிள்யூஆர்பி பேக்கப் எடுத்து வச்சிருக்கேன், அது போதும்ல?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். அதே ரோம், அதே ஆள் கையெழுத்திட்ட பில்ட், அதே பதிப்பு அல்லது மேல் பதிப்பு என்றால் டேட்டாவை அழிக்காமல் மேலேயே ஏற்றலாம், அதுதான் டர்ட்டி ஃபிளாஷ். ஒரு ரோமிலிருந்து வேறு ரோமுக்குப் போவது, கம்பெனி ரோமிலிருந்து கஸ்டமுக்கு வருவது, தனி ஆள் செய்த அன்அஃபிஷியல் பில்டிலிருந்து அஃபிஷியலுக்கு மாறுவது, இவை எல்லாவற்றுக்கும் அழித்துத்தான் ஆக வேண்டும், அதுதான் கிளீன் ஃபிளாஷ். பெயர் ஒன்றாக இருந்தாலும் கையெழுத்துச் சாவி (பில்டைச் செய்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) வேறு என்றால் சிஸ்டம் ஆப்கள் பழைய டேட்டாவை ஏற்காது.

இரண்டாவது கேள்விதான் ஆபத்தானது தம்பி. டிடபிள்யூஆர்பி டேட்டா பேக்கப்பில் உள் சேமிப்பு சேராது. கேமரா படம், டவுன்லோடு, வாட்ஸ்அப் ஃபோல்டர் எதுவும் அதில் இல்லை. அதோடு, அந்த பேக்கப்பை எங்கே வைத்திருக்கிறாய்? போனின் உள் சேமிப்பிலேயே என்றால், ஃபார்மேட் கொடுத்த நொடி பேக்கப்பும் சேர்ந்து போகும். இன்றே கம்ப்யூட்டருக்கு மாற்று. ஆண்ட்ராய்டு 12-க்கு மேல் பல போன்களில் டிடபிள்யூஆர்பியால் டேட்டாவின் பூட்டைத் திறக்கவே முடிவதில்லை, ஃபோல்டர் பெயர்கள் புரியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்த நிலையில் எடுத்த பேக்கப்பை நம்பாதே.

கீழக்கரை, துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவர்: அங்கே வாங்கின ரெட்மி நோட் 9 ப்ரோ. இங்கே மச்சானிடமும் அதே நோட் 9 ப்ரோதான். அவர் போட்ட ஃபைலையே நானும் போட்டுக்கலாமா?

காக்கா, பெயர்தான் ஒன்று, போன் வேறு. இந்தியாவில் விற்ற நோட் 9 ப்ரோவின் உள்பெயர் கர்டானா, 48 மெகாபிக்சல் கேமரா. வெளிநாட்டில் விற்றது ஜோயூஸ், 64 மெகாபிக்சல், என்எஃப்சியும் உண்டு. இந்தக் குடும்பத்துக்கு லீனேஜ் 'மியாடோல்' என்ற பெயரில் ஒரே ரோம் தருகிறது, அதனால் ரோம் ஃபைல் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கம்பெனி ஃபர்ம்வேர், அதாவது சிக்னலைக் கவனிக்கும் மோடம், போனை எழுப்பும் பூட்லோடர் எல்லாம் அடங்கிய பகுதி, உங்கள் போனுக்கு உரியதாகத்தான் இருக்க வேண்டும். மச்சானுடையதை எடுத்துப் போட்டால் சிக்னல் போகலாம், போனே எழும்பாமலும் போகலாம்.

பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாமல், போனை ஃபாஸ்ட்பூட்டில் (ஆண்ட்ராய்டு எழும்பாமல் கம்ப்யூட்டர் கட்டளையை ஏற்கும் நிலை) வைத்து கம்ப்யூட்டரில் 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் ப்ராடக்ட்' என்று கேளுங்கள். போனே தன் உள்பெயரைச் சொல்லும். ஷாவ்மி போன்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பழைய ஃபர்ம்வேருக்கு இறங்குவதைத் தடுக்கும் ஆன்ட்டி ரோல்பேக். 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் இது தெரியாமல் கீழே இறக்கியவர்களின் போன் டெட் ஆனது. ஃபர்ம்வேர் விஷயத்தில் மேலே மட்டும் போங்கள்.

தொண்டி, நாட்டுப்படகுத் தம்பி: அண்ணே, கம்ப்யூட்டர் வழியா சைட்லோட் போட்டேன். 47 சதவீதத்துல நின்னுருச்சு. பயத்துல கேபிளைப் பிடுங்கிட்டேன். டேட்டா போச்சா?

போகவில்லை. முதலில் மூச்சு விடு. ஏடிபி சைட்லோட், அதாவது கேபிள் வழியே கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றுவது, பல போன்களில் 47-ல் நின்று 'ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்' என்று காட்டும். தோல்வி மாதிரி தெரியும், உண்மையில் வேலை முடிந்திருக்கும் பெரும்பாலும். கம்ப்யூட்டர் திரையைப் பார்க்காதே, போன் திரையின் கீழ்ப் பகுதியைப் பார். அங்கே வேலை முடிந்த செய்தி வரும்வரை கேபிளைத் தொடக் கூடாது.

பாதியில் பிடுங்கியிருந்தாலும், எழுதப்பட்டுக்கொண்டிருந்தது சிஸ்டம் பகுதிதான். ரெக்கவரிக்குத் திரும்பிப் போய் அதே ஃபைலை மறுபடி ஏற்று. ஃபேக்டரி ரீசெட் மட்டும் கொடுத்துவிடாதே. போன் எழும்பாததைக் கண்டு பதறி ரீசெட் கொடுப்பதால்தான் என் கடைக்கு வரும் பெரும்பாலோர் டேட்டாவை இழக்கிறார்கள். அப்டேட் போட்டபின் முதல் தடவை எழும்ப 15 நிமிஷம் வரை ஆகலாம். அதுவரை காத்திரு.

பூட்லோடர், மோடம் மாதிரி ஃபர்ம்வேர் ஏறும்போது இந்தச் சலுகை கிடையாது. அது பாதியில் நின்றால் போன் மொத்தமாக டெட் ஆகிவிடலாம்.

இன்னொன்று, உன் சார்ஜிங் பின்னை டார்ச் அடித்துப் பார். நம் கடற்கரைப் போன்களில் பாதிக்கு அங்கே பச்சை பூத்திருக்கும், உப்புக்காற்று செம்பை அரித்த அடையாளம். அந்த போன் சார்ஜ் ஏறும், டேட்டா ஓடும்போது மட்டும் விட்டுவிட்டுத் தொடர்பு அறுந்துபோகும். போனை அணைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு கேபிள் சொருகு. நான் எந்த போனுக்கும் முதலில் ஒரு பெரிய வீடியோவைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து பார்ப்பேன். அது அறாமல் போனால்தான் ஃபிளாஷ்.

மண்டபம், கடல்பாசி எடுக்கும் அக்கா: தம்பி, மகன் வெளிநாட்டுல இருந்து அனுப்புன வாய்ஸ், போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்லதான் கிடக்கு. ரோம் மாத்தணும்னு கடைக்காரர் சொல்றார். அது நிக்குமா?

நிற்கும் அக்கா, முன்னாடியே எடுத்து வைத்தால். வாட்ஸ்அப் செட்டிங்கில் சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் 'பேக்கப்' பட்டனை இப்போதே அழுத்துங்கள். ராத்திரி 2 மணிக்கு அது தானாக எடுக்கும், ஆனால் அதற்குப் பிறகு வந்த வாய்ஸ் அதில் இருக்காது. பிறகு ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டரை முழுசாகக் கம்ப்யூட்டருக்கோ ஓடிஜி பென்டிரைவுக்கோ (போனிலேயே சொருகும் பென்டிரைவ்) காப்பி செய்யச் சொல்லுங்கள். உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் மகனுடைய வாய்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, அதன்பிறகு போனைக் கொடுங்கள்.

புது ரோம் வந்ததும் அந்த ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துவிட்டு வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் செய்து, அதே நம்பரில் நுழைந்தால் ரீஸ்டோர் கேட்கும். அந்த சிம் உங்களிடம் உயிரோடு இருக்க வேண்டும். பேக்கப்புக்கு என்ட்-டு-என்ட் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதை எழுதி வையுங்கள், மறந்தால் யாராலும் திறக்க முடியாது.

மெமரி கார்டு போட்டிருக்கிறீர்கள் என்றால் ஒன்று பாருங்கள். அதை உள் சேமிப்போடு சேர்த்திருந்தால் கார்டும் இந்த போனின் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். போனை அழித்தால் கார்டில் இருப்பதும் போகும்.

ராமேஸ்வரம், ஆட்டோ ஓட்டும் அண்ணன்: லீனேஜ் 21-லிருந்து 22-க்குப் போனேன். போன் எழும்புது, ஆனா கூகுள் சர்வீஸ் நின்னுருச்சுன்னு வந்துக்கிட்டே இருக்கு.

21 என்பது ஆண்ட்ராய்டு 14, 22 என்பது 15. நீங்கள் பழைய 14-க்கான கூகுள் ஆப்களோடு 15-ஐ எழுப்பிவிட்டீர்கள். அதே பதிப்புக்குள் சின்ன அப்டேட் என்றால் கூகுள் ஆப்கள் தானாகத் தங்கும். பெரிய பதிப்பு மாறும்போது, ரோம் ஏற்றியவுடன் ரெக்கவரியை விட்டு வெளியே வராமல் புதுப் பதிப்புக்கான கூகுள் பேக்கேஜையும் ஏற்றி, அதற்குப் பிறகுதான் போனை எழுப்ப வேண்டும். ஏ/பி போனில் நடுவே ரெக்கவரியையே ஒரு தடவை ரீபூட் செய்யக் கேட்கும், சரி என்று கொடுங்கள்.

இப்போது ரெக்கவரிக்குப் போய் ஆண்ட்ராய்டு 15-க்கான பேக்கேஜை ஏற்றிப் பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். கூகுள் பேக்கேஜ் ஏறும்போது 'சிக்னேச்சர் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு' என்று வந்தால் தொடரலாம். ஆனால் அஃபிஷியல் ரோம் ஃபைலுக்கே அந்த எச்சரிக்கை வந்தால் உடனே நிறுத்துங்கள். ஃபைல் பாதி இறங்கியிருக்கலாம் அல்லது யாரோ மாற்றியதாக இருக்கலாம். இறக்கிய பக்கத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணோடு (ஃபைல் மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) ஒத்துப் பாருங்கள்.

சாயல்குடி: புதுசு பிடிக்கல. பழைய பதிப்பையே மேல போட்டா டேட்டா இருக்கும்ல?

இருக்காது. டேட்டாவைப் பூட்டியிருக்கும் சாவி, ஆண்ட்ராய்டு பதிப்போடும் செக்யூரிட்டி பேட்ச் தேதியோடும் சேர்த்துக் கட்டப்பட்டது. புதியதற்கு ஒரு தடவை ஏறிவிட்டால் பழைய சிஸ்டத்தால் அந்தச் சாவியைப் பயன்படுத்த முடியாது. ஆப்களின் தரவும் புது வடிவத்துக்கு மாறியிருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அழித்துத்தான் இறங்க முடியும். இறங்கிய பிறகு பூட்லோடரைத் திரும்பப் பூட்ட நினைக்காதீர்கள். கஸ்டம் ரோம் இருக்கும்போது பூட்டினால் போன் எழும்பாமல் போகலாம்.

உச்சிப்புளி: சாம்சங்கில் ஒடின் (கம்ப்யூட்டரிலிருந்து சாம்சங் சாஃப்ட்வேர் ஏற்றும் புரோகிராம்) வைத்துக் கம்பெனி சாஃப்ட்வேரையே மறுபடி ஏற்ற வேண்டும், டேட்டா இருக்க வேண்டும்.

ஒடினில் சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள் உள்ள ஃபைல்) கட்டத்தில் 'ஹோம்' என்று தொடங்கும் ஃபைலை வையுங்கள், அது டேட்டாவை விட்டுவைக்கும். வெறும் சிஎஸ்சி எல்லாவற்றையும் துடைக்கும். இது கம்பெனி ரோமிலிருந்து கம்பெனி ரோமுக்கு மட்டும்.

ஏர்வாடி: வேறு ஒரு கடையில் போன் எழும்பவில்லை என்று ஃபார்மேட் கொடுத்துவிட்டார்கள். இறந்துபோன அம்மாவின் படங்கள் அதில் இருந்தன. 5,000 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு மனசு கனக்கிறது. இப்போதைய போன்களில் டேட்டா முழுக்கப் பூட்டியே எழுதப்படுகிறது. ஃபார்மேட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவி அழிகிறது. சிப்பில் எழுத்துகள் கிடந்தாலும் அவற்றைப் படமாக மாற்ற யாராலும் முடியாது. பழைய மெமரி கார்டில் அழித்த படத்தை மீட்கும் மென்பொருள் இங்கே உதவாது.

வெளியே தேடுங்கள். கூகுள் போட்டோஸில் அம்மாவின் கணக்கு, உங்கள் கணக்கு இரண்டிலும் நுழைந்து பாருங்கள், குப்பைத் தொட்டி உட்பட. அந்த போனில் மெமரி கார்டு தனியாக இருந்தால் அதில் எதுவும் எழுதாமல் எடுத்து வாருங்கள், பணம் வேண்டாம், நான் பார்க்கிறேன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் அம்மா பெயரைத் திறந்து மீடியாவைப் பாருங்கள். கல்யாண வீடு, பேரனுக்குப் பெயர் வைத்த நாள், இந்த மாதிரி நாட்களில் யார் யார் போனில் படம் எடுத்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களை முதலில் கேளுங்கள். ஊரிலிருந்து வந்த படத்தை அவர்கள் எளிதில் அழிப்பதில்லை.