குடிக்காதவனுக்கு லண்டன் பப்பில் என்ன வேலை?

கேள்வி: அலுவலக வேலையாக லண்டன் வந்திருக்கிறேன். ஹோபர்ன், ஃப்ளீட் தெருப் பக்கத்துப் பழைய பப்களை ஒரு மாலையில் சுற்றிவரலாம் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஊரில் யாராவது ஏதாவது சொல்வார்களே என்பதுதான் உங்கள் தயக்கத்தில் பாதி என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன். நானும் இதுவரை தொட்டதில்லை. 'குடிக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று பாய வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நான் பேசப்போவது கட்டடங்களைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமா வந்திருந்தார். கும்பகோணத்துப் பக்கம் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வெற்றிலையைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர். அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்து அலுத்துப்போய், "மாப்பிள்ளை, இந்த ஊர்க்காரன் சாயங்காலம் எங்கே உட்கார்ந்து பேசுகிறான்? அதைக் காட்டு" என்றார். கூட்டிப் போனேன். ஆளுக்கு ஒரு லைம் சோடா. மொத்த நடை மூன்று கிலோமீட்டர்கூட வராது.

முதலில் ஹோபர்னில் பிரின்சஸ் லூயிஸ். 1872இல் தொடங்கியது, உள்ளே இன்று காணும் பாணி 1891ஆம் ஆண்டின் அலங்காரத்தைச் சேர்ந்தது. பூவேலை செய்த கண்ணாடி, வண்ண ஓடுகள், கவுண்டரைச் சுற்றி மரத்தடுப்புகள். ஆண்கள் கழிப்பறையின் பளிங்குக்குக்கூட ரசிகர்கள் உண்டு. அந்தத் தடுப்புகள் எதற்கு என்று மாமா கேட்டார். விக்டோரியா காலத்தில் ஒரு தரத்து ஆள் இன்னொரு தரத்து ஆளின் முகத்தில் விழிக்காமல் குடிப்பதற்கு என்றேன். "இங்கேயுமா?" என்றார். அந்த இடத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அடுத்து அதே சாலையில் சிட்டி ஆஃப் யார்க். பார்த்தால் ஐந்நூறு வருடப் பழசு போலிருக்கும், ஆனால் இப்போதைய கட்டடம் 1920களில் எழுப்பியது. மண்டபத்து நடுவில் இருக்கும் முக்கோண இரும்பு அடுப்பு மட்டும் நிஜமாகவே பழையது. அதற்கு மேலே புகைபோக்கி கிடையாது. புகை தரைக்கு அடியில் ஓடும் குழாய் வழியாக வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். மாமா அந்த வயதில் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து அவர்களும் குனிந்து தேடினார்கள்.

ஓல்டு மைட்டரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஹாட்டன் கார்டன் என்ற தெருவிலிருந்து, இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து ஒன்று பிரியும், அதற்குள்ளே இருக்கிறது. 1546இல் ஈலி பிஷப்பின் வேலையாட்களுக்காக ஏற்பட்டது. கட்டடம் பிற்காலத்தில் மாற்றிக் கட்டியது. மூலையில் ஒரு செர்ரி மரத்தின் அடித்தண்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். முதலாம் எலிசபெத் ராணி அந்த மரத்தைச் சுற்றி நடனமாடினார் என்பது கதை. மாமா முகம் மலர்ந்து, "ஸ்தல விருட்சம்! கூடவே தலபுராணமும் இருக்கிறதே!" என்றார்.

கதையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட மாமாவின் அந்தத் தாராளம், ஃப்ளீட் தெருவின் செஷர் சீஸ் பப்பில் போய்விட்டது. 1666 பெருந்தீயில் எரிந்து மறுவருடம் திரும்பக் கட்டிய இடம். வாசலில் அதற்குப் பிறகு ஆண்ட ராஜா ராணிகளின் பெயர்ப் பட்டியல் தொங்கும். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் இங்கே வந்து உட்காருவார் என்பார்கள். அவர் வீடு பின்பக்கம் கஃப் சதுக்கத்தில்தான். ஆனால் கூடவே திரிந்து அவரைப் பற்றி எழுதிய பாஸ்வெல் இந்தக் கடையைக் குறிப்பிடவே இல்லை. "அப்புறம் எப்படிச் சொல்கிறாய்?" என்று மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த ஜான்சனே பல வருடம் மதுவை விட்டுவிட்டுத் தேநீராகக் குடித்துத் தள்ளியவர்.

தெருவுக்கு எதிர்ப்புறம் இன்னர் டெம்பிள். காந்தி 1888இல் சட்டம் படிக்கச் சேர்ந்த இடம். அங்கே விருந்துகளில் நாலு பேருக்கு இரண்டு புட்டி ஒயின் கணக்கு. இவர் தொடமாட்டார் என்பதால் நாலாவது ஆளாக இவரைச் சேர்த்துக்கொள்ளப் போட்டி நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஆகவே குடிக்காத உங்களுக்கு மரியாதை குறையாது.

கடைசியாக பிளாக்ஃப்ரையர். பழைய டொமினிகன் மடம் இருந்த இடத்தில், ஆப்பு வடிவத்தில் நிற்கும் கட்டடம். 1905 வாக்கில் தொடங்கிய வேலையில் சுவரெல்லாம் பளிங்கும் செம்புப் புடைப்புச் சிற்பமும் வைத்து இழைத்திருக்கிறார்கள். 1960களில் இடிக்க இருந்ததைப் போராடிக் காப்பாற்றினார்கள். ஒரு சிற்பத்தில் துறவிகள் மீன் பிடிக்கிறார்கள். கீழே 'நாளை வெள்ளிக்கிழமை' என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, அதனால் மீன். மாமா சிரித்த சிரிப்பில் ஏப்பமே வந்துவிட்டது. "நம் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். இவர்கள் வலையை எடுக்கிறார்களே!"

அங்கே எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கையில் லைம் சோடாதான். அரை மணி நேரத்தில் ஒரு பெரியவர், 'இந்த வயதில் இது தேவையா' என்று எழுதிவிட்டார். தன் மகன் கல்யாண வரவேற்பில் மண்டபத்துக்குப் பின்னால் என்ன ஓடியது என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். போகட்டும்.

நீங்கள் வார நாளில் போங்கள். அந்த வட்டாரத்தில் பல கடைகள் சனி, ஞாயிறு திறப்பதில்லை. மேசையில் உட்கார்ந்து ஆள் வருவான் என்று காத்திருக்காதீர்கள். கவுண்டருக்குப் போய் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். எதுவும் வாங்காமல் வேடிக்கை பார்ப்பது நன்றாக இராது. கூட்டமாகப் போனால் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லாருக்கும் வாங்கித் தருவது அங்கே வழக்கம். முதல் கடையிலேயே 'என்னுடையதை நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் குடித்த சோடாவுக்கு அவர்களுடைய பீரையும் சேர்த்துக் கட்ட நேரும்.